சத்தமில்லாத பிடி

"அப்பா, எல்லாரும் போடும்போது சலசலன்னு கேக்குது. உங்க பிடி மட்டும் ஏன் சத்தமே போடல?"

தையல்காரரின் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம், தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் மளிகைக் கடை. அங்கே ஒரு வழக்கம். அரிசி வாங்குகிறவர் தன் பையிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையில் நிற்கும் தகர டிரம்மின் மூடி ஓட்டைக்குள் கையை விட்டுப் போட வேண்டும். லாரி வராத நாளுக்கு உதவும் என்று.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொடுக்கறது சத்தம் போடக் கூடாதும்மா. அதான் அப்பா மெதுவா விடறேன்" என்றார் தையல்காரர்.

முறைவைத்துக் கடையைப் பார்த்துக்கொள்வதில் அன்றைக்கு முறை வந்திருந்த நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே அந்த வாசகம் டிரம்முக்கு மேலே சுவரில் ஏறியது, பெரிய பெரிய எழுத்தில். அதற்குப் பிறகு எல்லோரும் அரிசியைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல உள்ளே விட ஆரம்பித்தார்கள். தையல்காரருக்கு 'மகான்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

மூன்று வருடம் போனது. ஒரு மழையில் ஆற்றுப்பாலம் உடைந்துவிட்டது. மெயின் ரோட்டுப் பெரிய கடைகள் இரண்டே நாளில் துடைத்துவிட்டமாதிரி ஆயின. பதினோரு நாள் நாற்பது வீட்டு அடுப்பும் அந்த டிரம்மை நம்பித்தான் எரிந்தது. இந்தக் கரையில் தோட்டம் வைத்திருந்தவர்கள், கடைக்கு எப்போதும் கொடுக்கும் காய்களைத் தலையில் சுமந்துவந்து இறக்கினார்கள். வரிசையின் கடைசியில் ஒளிந்து நின்ற தையல்காரரை நர்ஸம்மா முன்னால் இழுத்து அளந்து போட்டார். மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவர் தன் தட்டில் இருந்ததையும் அவள் பக்கமே தள்ளினார்.

பாலம் சரியானதும் கூட்டம் போட்டார்கள். காலியான டிரம்மில் முதல் பிடி மகான் கையால்தான் விழ வேண்டும் என்று எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள்.

அவர் எழுந்தார். ஊரார் துணியில் இரண்டு விரல் மிச்சம் பிடிக்கிற ஆள் நான் என்று தன்னையே கிண்டல் செய்தார். இந்த மரியாதை எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது, எத்தனை பிடித்துத் தைத்தாலும் பொருந்தாது என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"விளையாட்டுக்குச் சொல்லல நர்ஸம்மா. இந்த டிரம்முல என்னோடதுன்னு ஒண்ணுமே இல்ல. நிஜமாவே ஒண்ணுமில்ல."

"கேட்டுக்கோங்க, இதுக்குப் பேர்தான் அடக்கம்" என்று நர்ஸம்மா கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

மறுநாள் மதியம். கடை சாத்தியிருந்தது, டிரம் இன்னும் காலிதான். சாவி முறை தையல்காரருடையது. சைக்கிளில் கட்டிவந்த அரிசி மூட்டையை உள்ளே இறக்கிவைத்துக் கதவைச் சாத்தினார். மூட்டையை அப்படியே கவிழ்த்திருக்கலாம். ஆனால் ஒரு பிடி அள்ளி, ஓட்டைக்குள் கையை விட்டு, "மெதுவா எல்லாம் வேண்டாம், சாமி" என்று முணுமுணுத்துவிட்டு விரல்களை விரித்தார்.

மூன்று வருடமாக வெறுங்கையை மூடிக்கொண்டு வந்து உள்ளே திறந்தவரின் பிடி, அன்றுதான் முதன்முதலாகத் தகரத்தில் கலகலவென்று சத்தம் போட்டது.