துரைக்குக் கால்வலி

"இந்த மருந்துக்கும் கேட்கலைன்னா, இனிமே அவன் நடக்கறது கஷ்டம்தான்" என்று கால்நடை டாக்டர் சொன்னதிலிருந்து தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மூட்டுவலி வந்த கிழ நாய் துரையைத் தினமும் அவர்தான் மாடிப்படியில் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கினார்.

இன்று மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுக் கடையிலிருந்து பாதியில் திரும்பினார். படியடியில் நின்ற துரை, அவரைக் கண்டதும் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு பரிதாபமாக முனகியது.

"வாடா ராசா" என்று குனிந்தவர் அப்படியே நின்றார்.

"ஏம்மா, இவனுக்கு எந்தக் கால்ல வலி?"

"வலது கால்லப்பா" என்றாள் மாடியிலிருந்து மகள்.

"இடது காலையில்ல தூக்கிட்டு நிக்கறான்!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவசரத்துல கால் மாறிப்போச்சு போல! இப்பதாம்ப்பா பூனையைத் துரத்திக்கிட்டு நாலு கால் பாய்ச்சல்ல படியிறங்கினான். என் கண்ணையே நம்ப முடியலை!"

"அடக் கள்ளப் பயலே!" தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு துரையை வாரித் தூக்கினார்.

"அதான் நடக்கறானே, இன்னும் எதுக்குப்பா தூக்கறீங்க?"

"மெதுவாப் பேசு. நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, பாவம், அவன் முகம் வாடிப்போயிடும்."