பூதக்கண்ணாடி போட்ட புகார்

“உங்க மேல புகார் வந்திருக்கு,” என்றார் கட்டட ஆய்வாளர், கதவில்லாத வாசலில் நின்றபடி.

தையல்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் காலி பிளாஸ்க்.

“யாரு சார், பூதக்கண்ணாடியா?”

ஆய்வாளர் வாசல் நிலையை ஆட்டிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தெரு வைத்த பெயர் அது. அடுத்தவன் வீட்டில் ஆணி அடித்தாலும் கோணலா, நேரா என்று எட்டிப் பார்ப்பார். அவர் வீட்டு மாடியோ பாதியில் நின்றுபோய், துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தையல்காரரும் மனைவியும் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று அனுமதி வாங்கியவர்கள். லீவு நாளில் அவர் செங்கல் அடுக்குவார், அவள் கலவை எடுத்துக் கொடுப்பாள். மதியம் கூரையில்லாத சமையலறையில் உட்கார்ந்து, “அடுப்பு இங்கதான்,” “இல்ல, அங்கதான்” என்று சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். அது ஒரு காலம்.

சுவர் ஆளுயரம் வந்த சமயத்தில் அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். வேலை நின்றது.

“என்ன குத்தம் சார்?”

“வாசல் அகலமா இருக்கு. நிலை ஆடுது.”

தையல்காரர் தலையைச் சொறிந்தார். “தைக்கறப்போ பிடிச்சுக்கலாம்னு ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டேன். கைப்பழக்கம் சார்.”

ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சுவத்துல யாருங்க தையல் போடுறது? இடைவெளியை அடைச்சு வைங்க. திரும்ப வந்து பார்ப்பேன்.”

அவர் போனதும் தையல்காரர் மதிலோரம் போய் நின்றார்.

“ஏன் பெரியவரே, வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில கிடக்கா. இந்த நேரத்துல என் வாசல்தான் உங்க கண்ணை உறுத்துதா?”

“அளவு தப்புன்னா தப்புதான்,” என்றார் பெரியவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

“எனக்கு வீடே வேணாம். அப்படியே போட்டுட்டுப் போறேன். நல்லா இருங்க.”

பெரியவர் உள்ளே போய்விட்டார்.

திட்டிக்கொண்டேதான் கலவை பூசும் கரணையை எடுத்தார் தையல்காரர். வாசல் இடைவெளியை அடைத்து முடித்துச் சில மாதம் போனதும், ஜன்னலுக்குக் கீழே விரிசல் என்று ஒரு புகார். அப்புறம் படி ஏற்ற இறக்கமாக இருக்கிறது என்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர் வந்தார். ஒவ்வொன்றையும் சாபம் விட்டபடி இவர் சரிசெய்தார்.

ஒருவழியாக அவள் வீடு திரும்பினாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள். வாசலில் நின்று நிலையைத் தடவிப் பார்த்தாள்.

“பரவாயில்லையே, பிடிச்சுத் தச்சிருக்கீங்களே.”

அன்றைக்குத்தான் அவர் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.

மறுவருஷம் கூரை ஏறியது. கடைசியாகப் பார்க்க வந்த ஆய்வாளர், அவள் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டார்.

“தப்பிச்சீங்க. ஆறு மாசம் வேலை நின்னா அனுமதி காலாவதி. மறுபடி வாங்கணும்னா புதுச் சட்டப்படி தெருப்பக்கம் இடம் விடணும். இந்த முன்ரூமையே இடிச்சிருக்கணும்.”

“வேலை நின்னுதானே சார் கிடந்துச்சு?”

“எங்க நின்னுச்சு? புகார் வந்துச்சு, நான் வந்தேன், நீங்க சரிபண்ணீங்க. அதுவும் வேலைதானே.”

தையல்காரர் விருட்டென்று எழுந்தார். நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

“ஐயா, தெரிஞ்சேதான் பண்ணீங்களா?”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் மூணாவது படி இன்னும் கோணல்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எவ்வளவு ஏசிட்டேன்.”

“சொன்னா கேக்குற நிலைமையிலயா நீ இருந்தே? கோவம் வந்ததாலதான் கரணையை எடுத்தே.”

பெரியவர் அண்ணாந்து, தன் மாடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரி படுத்தப்போ இந்தத் தெருவுல எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருந்துட்டாங்கப்பா. பாவம்னு ஒருத்தரும் என் மேல புகார் குடுக்கல.”