யாருக்கும் மூத்த மகன் இல்லாத ஊர்

கை விழுந்தது காலை ஏழு மணிக்கு.

ஆம்புலன்ஸை அழைத்தது பதினொன்றுக்கு.

அவன் குறித்துக்கொண்டான். ஆராய்ச்சிக்காக இன்றைக்கு அவன் பேட்டி காணும் ஆறாவது குடும்பம் இது. ஒரு வீட்டில் இராகுகாலம் கழியட்டும் என்று இருந்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் ஊசியால் விரல்நுனியைக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாட்ஸப்பில் வந்ததாம்.

"நாலு மணி நேரம் என்னம்மா பண்ணீங்க?"

பக்கவாத வார்டின் வாசலில், கணவனின் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்த பெண் நிமிர்ந்தாள்.

"மூத்தவனுக்குப் போனு போட்டோம் தம்பி. எடுக்கல. அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படித் தூக்கிட்டு வர்றது?"

அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றியிருந்தால் அந்தக் கை பிழைத்திருக்கும். பேச்சும் பிழைத்திருக்கும். இப்போது இரண்டும் இல்லை.

அந்த ஆராய்ச்சிக்காக அவன் ஒரு மாவட்டத்தையே கணினிக்குள் மாதிரியாகக் கட்டி வைத்திருந்தான். அங்கே ஒருவருக்கு வாய் கோணினால் பக்கத்தில் இருப்பவர் உடனே ஆம்புலன்ஸை அழைப்பார். பதினெட்டு நிமிடத்தில் வண்டி வந்து நிற்கும். யாரும் சோடா வாங்க ஓடுவதில்லை. யாரும் உள்ளங்காலைத் தேய்ப்பதில்லை. யாருக்கும் மூத்த மகன் கிடையாது.

அதனால் எல்லோரும் பிழைத்தார்கள்.

மனிதர்களையும் சேர்த்து எழுதிக்கொண்டு வா என்று பேராசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். சொல்வதற்கென்ன! இந்தக் கூத்துக்கெல்லாம் எங்கே போய்க் கணக்குப் போடுவது?

எரிச்சலோடு போனை எடுத்தான். பேட்டி முடியும்வரை தொந்தரவு வேண்டாம் என்று காலையிலேயே சத்தத்தை அணைத்திருந்தான்.

அம்மா. ஏழு முறை.

முதல் அழைப்பு ஒன்பது இருபதுக்கு.

இப்போது மணி பன்னிரண்டு நாற்பது.

அவன் அழைத்ததும் அம்மா எடுத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லய்யா, பதறாத. அப்பாவுக்குக் காலையிலருந்து வாய் குழறுது. எடது கையும் தூக்க வரலங்குறாரு. நீ போனை எடுக்கட்டும்னு உக்காந்திருக்கோம்."

அவன் கத்தினான். வார்டு வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். ஆம்புலன்ஸைக் கூப்பிடு, இப்பவே கூப்பிடு, இந்த நிமிஷமே.

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிய்யா. பெரியப்பா குளிச்சிட்டிருக்காரு. அவரு வந்து பாத்துட்டு என்ன சொல்றாருன்னு கேட்டுக்கிட்டு கூப்பிடுறேன்."