ஓட்டைக் கூடாரம்

"காசு வாங்க மட்டும் கை நீளுது, பதில் சொல்ல வாய் வரலையா?"

டீச்சர் போட்ட சத்தத்தில், கடையில் முதுகுப்பை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பையை வைத்துவிட்டு நைசாக வெளியே நழுவினார்.

கடைக்காரர் மேஜை மேல் சுருண்டு கிடந்த பச்சை டென்ட்டைப் பார்த்தார். போன வருஷம் அவரிடம் வாங்கியதுதான்.

"மழைக்கு அசையாது, மொத்தக் குடும்பமும் நிம்மதியா தூங்கலாம்னு சொல்லித்தானே தலையில கட்டினீங்க? ஏரிக்கரையில முதல் ராத்திரியே ஒழுகிடுச்சு! நாங்க, அக்கா குடும்பம், அத்தனை பேரும் உள்ள. எங்கப்பா தெப்பமா நனைஞ்சு எழுந்தார். வயசான மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

அப்பா பக்கத்தில்தான், விற்பனைக்கு வைத்திருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர். அவர் மீசையைப் பார்த்தே திருடன் உண்மையைக் கக்கிவிடுவான் என்பார்கள். "இந்த வருஷம் நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் சொன்னதிலிருந்து டீச்சருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அப்பா இல்லாமல் என்ன விடுமுறை வேண்டிக்கிடக்கு? அந்தப் பாழாய்ப்போன ஒழுகல்தான் காரணம் என்று முடிவுகட்டி, நல்ல டென்ட்டாக அவரே பொறுக்கட்டும் என்று வலுக்கட்டாயமாக இழுத்து வந்திருந்தாள்.

"நீங்களாவது வாயைத் திறங்களேன்!" என்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசாத ஆள். "பழசு எதுக்கும்மா? விடு, புதுசா ஒண்ணு பார்ப்போம்" என்றார்.

"எப்படி விடறது? இதைத் தேடிப் பிடிச்சு வாங்கினதே நீங்கதானே! அக்கா வீட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் உங்களை 'ஓட்டைக் கூடாரம்'னுதான் கூப்பிடறார். நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீங்க. எனக்குத்தான் மானம் போகுது."

கடைக்காரருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "மேடம், வாய்ச்சண்டை எதுக்கு? பின்னாடி இடம் இருக்கு. கட்டி, தண்ணி அடிச்சுப் பார்த்துடுவோம். ஒரு சொட்டு உள்ள வந்தா புதுசு எடுத்துட்டுப் போங்க. சும்மாவே தர்றேன்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க, நேரமாச்சு" என்று மெக்கானிக் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"ஏன் வேண்டாம்? கட்டுங்க! நானே உள்ள உட்காருறேன்."

உட்கார்ந்தாள். அதுவும் அப்பா படுத்திருந்த அதே மூலையில். வெளியே கடைக்காரர் ரப்பர் குழாயைத் திருப்ப, கூரையில் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. தையல், மூலை, தரை என்று தடவித் தடவிப் பார்த்தாள். ம்ஹூம்! எல்லாம் காய்ந்து கிடந்தது.

வெளியே வந்தவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் கோபம் குறைந்தால்தானே? அதை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"அப்போ நீங்கதான் ஒழுங்கா கட்டலை, அப்படித்தானே?"

"ஆமாம்மா. மேல் ஷீட்டைச் சரியா இழுத்துக் கட்டலை. என் தப்புதான்" என்றார் புருஷன்.

"சார், இதுல மேல் ஷீட் தனியா கிடையாதே" என்றார் கடைக்காரர். "கூரையோட சேர்த்துத்தான் தைச்சிருக்கு."

டீச்சர் புருஷனை முறைத்தாள். "பொய்யா சொல்றீங்க? இருங்க, இருங்க. அன்னிக்கு ராத்திரி நீங்க எழுந்து வெளியே போனீங்க. அரைத்தூக்கத்துல பார்த்தேன். எதுக்குப் போனீங்க?"

அவர் குனிந்து டென்ட்டின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"சிகரெட்டுக்குத்தானே? வாசல் ஜிப்பைத் திறந்து போட்டுட்டு ஊதப் போயிட்டீங்க. மழை உள்ள அடிச்சிருக்கு. பழி மட்டும் டென்ட்டு மேல!"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "ஆமா" என்றார்.

"விட்டுட்டேன்னு பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணினீங்களே! சீ! இனிமே நீங்க சொல்ற எதைத்தான் நான் நம்பறது? புது டென்ட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இனி உங்களோட நான் எங்கேயும் வர்றதா இல்லை. உங்களாலதான் எங்கப்பா..."

"நிறுத்துடி!"

பின்வாசல் படியில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

மெக்கானிக் பதறி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். "மாமா, நீங்க சும்மா இருங்க. கார்ல போய் உட்காருங்க. இது எங்களுக்குள்ள..."

அவர் கையை உதறினார்.

"ஒரு வருஷமா ஊர் சிரிக்கிறதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, என்னைத்தான் செருப்பால அடிக்கணும்" என்றார் மகளைப் பார்த்து. "அன்னிக்கு டென்ட்டுக்குள்ள ஒரு பொட்டு மழை வரலை. என்னை அறியாம தூக்கத்துல நான்தான் படுக்கையை நனைச்சுட்டேன். விடிஞ்சா அத்தனை பேர் முன்னாடியும் என் மானம் போயிடுமேன்னு, வெளியே போய் கேன் தண்ணியைத் தூக்கிட்டு வந்து, மாப்பிள்ளை நம்ம எல்லார் மேலயும் ஊத்தினார்."