நடுக்கம்பி

“எழுப்பு அவரை. இந்தப் பெஞ்சுக்குத்தான் முதல்ல கம்பி வைக்கணும்.”

சூப்பர்வைசர் குரலில் ஈரமே இல்லை. வெல்டர் முகமூடியைக் கையில் பிடித்தபடி தயங்கி நின்றான். பெஞ்சில் ஒரு பெரியவர் துணிப்பையைத் தலைக்கு வைத்து, முழங்காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைத்தெருவை அழகாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நடைபாதைக்குப் புதுக்கல், புது விளக்குகள், தொட்டி தொட்டியாகப் பூச்செடி. பெஞ்சுகளில் ஆட்கள் படுக்காமல் இருக்க நடுவில் ஒரு குறுக்குக் கம்பி. இனி உட்காரலாம், உடம்பை நீட்ட முடியாது.

சூப்பர்வைசருக்கு வேலையாட்கள் வைத்த பெயர் முள்ளுக்கம்பி. தொட்டால் கீறும். வேலை தொடங்கிய முதல் நாளே அந்தப் பெஞ்சுக்கு எதிரில் இருந்த துணிக்கடை வாசலில் இரண்டு வேகத்தடை போட வைத்தார். “ஒண்ணு போதாதா சார்?” என்று கேட்டவனை, “உன் வேலையைப் பாருடா” என்று கடித்துக் குதறிவிட்டார்.

“சார், மொத்தம் பன்னெண்டு பெஞ்சு இருக்கு. இது ஒண்ணை மட்டும் விட்டுடலாமே,” என்றான் வெல்டர். “பாவம், போக்கிடம் இல்லாத மனுஷன்.”

“போக்கிடம் இல்லேன்னு உங்கிட்ட வந்து சொன்னாரா?”

“யாராவது இருந்தா இப்படி விடுவாங்களா சார்? பெத்த புள்ளைன்னு ஒண்ணு இருந்தா, அது புள்ளை இல்ல, கல்லு.”

சூப்பர்வைசர் டேப்பை இழுத்து, காலையிலேயே அளந்து வைத்த பெஞ்சை மறுபடி அளந்தார். “படுக்க எடம் இருக்கிற வரைக்கும் இங்கேருந்து போகமாட்டாரு. வை கம்பியை.”

பேச்சுச் சத்தத்தில் பெரியவர் விழித்துக்கொண்டார். “வணக்கம் சார்,” என்று சூப்பர்வைசருக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு எதிர்க்கடையைக் காட்டி, தினமும் சொல்வதையே சொன்னார்.

“வீட்டுக்காரி உள்ள போயிருக்கா. ‘இங்கயே உக்காருங்க, இதோ வந்துடறேன்’னா. துணியைப் பாத்துட்டா அவளுக்கு நேரம் போறதே தெரியாது.”

தெருவே கேட்டுப் புளித்த கதை. எவளோ ஒருத்தி இவரைக் கழற்றிவிட்டுப் போனதில் புத்தி கலங்கிவிட்டது என்பது டீக்கடைக்காரரின் கணிப்பு.

வெல்டர் அவரைக் கைத்தாங்கலாக டீக்கடைக்குக் கூட்டிப் போனான். பின்னாலேயே முள்ளுக்கம்பியின் குரல் வந்தது. “சர்க்கரை போடாம வாங்கிக் குடு!”

“பாத்தீங்களா அண்ணே?” என்று டீக்கடைக்காரரிடம் முணுமுணுத்தான் வெல்டர். “நான் வாங்கித் தர்ற டீயில அந்தாளு சர்க்கரையை மிச்சம் பிடிக்கிறாரு.”

திரும்பி வந்தவன் ஒரு தந்திரம் செய்தான். கம்பியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பொட்டு வெல்டு மட்டும் வைத்துவிட்டு, மேலே பெயின்ட் பூசினான். பார்க்க முழுசாகப் பற்றவைத்ததுபோல் இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடும். முள்ளுக்கம்பி வீட்டுக்குப் போனதும் தட்டிவிடலாம் என்று கணக்கு.

சூப்பர்வைசர் வந்தார். சுத்தியலை எடுத்து ஒரே தட்டு. கம்பி கீழே விழுந்து உருண்டது.

“நானும் பத்து வருஷம் வெல்டிங் ராடு பிடிச்சவன்தான்டா. கம்பியைச் சுத்தி முழுசா வெல்டு ஓட்டு.”

வெல்டர் முழுசாக ஓட்டினான். முகமூடிக்குள் கண் கலங்கினால் வெளியே தெரியாது. அந்தத் தொழிலில் அது ஒன்றுதான் வசதி.

சாயங்காலம் புது விளக்குகள் எரிந்தன. தெரு குளித்துத் துணி மாற்றியதுபோல் நின்றது. பெரியவர் பையோடு வந்து பெஞ்சில் சாய்ந்தார். தலையை இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார். எப்படிப் படுத்தாலும் கம்பி இடுப்பில் இடித்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

வேலை முடிந்தும் சூப்பர்வைசர் போகவில்லை. விளக்குக் கம்பத்தோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் என்ன வேடிக்கை வேண்டிக்கிடக்கிறது என்று முணுமுணுத்தபடி வெல்டர் சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டான்.

பெரியவர் கம்பியைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு பாதியில் நகர்ந்து உட்கார்ந்து, மறுபாதியைத் துண்டால் தூசி போகத் துடைத்தார்.

சூப்பர்வைசர் கிட்டே போனார். துடைத்த இடத்தில் உட்காரப் போனவரைப் பெரியவர் கை நீட்டித் தடுத்தார்.

“இது அவ எடம் சார். நல்ல காரியம் பண்ணீங்க. இனிமே யாரும் நெருக்கிக்கிட்டு உக்கார மாட்டாங்க. எத்தனை நாளானாலும் அவளுக்கு எடம் பிடிச்சு வைக்கலாம்.”

முள்ளுக்கம்பி புதுக்கல் பதித்த தரையில், பெரியவரின் காலடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அவருடைய முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அம்மா அன்னைக்கு ரோட்டைத் தாண்டலப்பா, வண்டி மோதி அங்கயே போயிட்டாங்க... வீட்டுக்கு வாங்கப்பா.”