அக்கா வீட்டு மேல் புகை

ஆலைப் புகை எந்தப் பக்கம் போகும் என்று பார்க்க, விசிறி வைத்த கண்ணாடிக் காற்றுச் சுரங்கத்துக்குள் ஊரையே அட்டையில் செய்து வைப்பது தச்சரின் வேலை. முதல் புகைபோக்கிக்கான சோதனையில் புகை அவருடைய அக்கா வீட்டின் மேலேயே கவிழ்ந்தது. அதை எடுத்துவிடு என்று இன்ஜினியர் கண்ணைக் காட்டினார். வேலை போய்விடுமே என்று தச்சர் அந்த அட்டை வீட்டைப் பெயர்த்தெடுத்தார். புகைபோக்கி எழுந்தது. அக்கா இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள்.

இன்று இரண்டாவது புகைபோக்கிக்குச் சோதனை. அந்தக் காலியிடத்தில் புகை எதிலோ முட்டி இரண்டாகப் பிரிந்தது.

“அங்க என்னப்பா வச்சிருக்க?”

“ஒண்ணுமில்ல சார். நீங்கதான எடுக்கச் சொன்னீங்க.”

இன்ஜினியர் விசிறியை நிறுத்தினார். மற்ற இடமெல்லாம் புகை அடங்கியது. காலியிடத்தில் மட்டும் விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வந்துகொண்டிருந்தது.

தச்சர் கண்ணாடியில் நெற்றியை வைத்து, “கொஞ்சம் தண்ணி குடி அக்கா,” என்றார்.