பச்சோந்தி மீட்டர்

"இது மீட்டரா, பச்சோந்தியா?"

மல்டிமீட்டரை மேஜைமேல் பொத்தென்று வைத்தார் பஞ்சநதம். குடவாசலில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக்குக்குக் குடித்த டீ பாதியில் நின்றது.

"மறுபடியும் என்னண்ணே?"

"மோட்டார் கொட்டகைக்குப் போய் வோல்டேஜ் பார்க்கிறேன். நானூறு கிட்ட இருக்கணும், முந்நூத்தி நாப்பதுங்குது. துண்டை உதறித் தோள்ல போடறதுக்குள்ள முந்நூத்தித் தொண்ணூறுங்குது. எதை நம்பி மோட்டாரைப் போடறது?"

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. போன வருஷக் குறுவைச் சாகுபடியில் குறைந்த வோல்டேஜில் மோட்டாரை ஓட்டி, உள்ளே காயில் கம்பி எரிந்து, தண்ணீர் இல்லாமல் நாற்றங்கால் மொத்தமும் கருகிப்போனது. அதற்காகத்தான் இந்த வருஷம் மீட்டரே வாங்கினார். அது ஒரே எண்ணில் நின்றால்தான் மோட்டாரில் கை வைப்பது என்று பிடிவாதம். இந்த வருஷ நாற்றங்காலும் வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஜாஃபர் சாதிக் கடைப் பிளக்கில் மீட்டரைச் செருகிப் பார்த்தார். ஒருமுனைக் கரண்டுக்கு உரிய இருநூற்று முப்பது. ஆணி அடித்தாற்போல் நின்றது.

"இங்கே நல்லாத்தானேண்ணே நிக்குது?"

"உங்களைக் கண்டா நிக்கும். நீங்கதானே முதலாளி!"

பேட்டரியை மாற்றியாகிவிட்டது. சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றியாகிவிட்டது. கடைசியில் மீட்டரையே மாற்றிப் புதிசாகக் கொடுத்தாகிவிட்டது. இப்போது ஆடுவது அந்தப் புதிசுதான்.

"கடைத்தெருவுல நின்னு சொல்லத்தான் போறேன், பாய் கடைச் சாமான் பச்சோந்தின்னு!"

"பொறுங்கண்ணே. நாளைக்கு நானே வயலுக்கு வரேன்."

மறுநாள் காலை, மும்முனைக் கரண்ட் வந்ததும் இருவரும் வரப்பில் நடந்தார்கள். வெயில் கிழக்கே. பஞ்சநதம் குடையை மேற்கே சாய்த்துப் பிடித்திருந்தார்.

"வெயில் இந்தப் பக்கம்ண்ணே."

"வெயிலுக்கு யார் குடை பிடிச்சா? மேற்கே இளையபெருமாள் வயல். அந்தாள் மூஞ்சியில முழிக்கக் கூடாது."

விவரத்தை நாற்றங்காலில் நின்றிருந்த பஞ்சநதத்தின் மனைவி ராஜாத்தி சொன்னாள். மகள் கல்யாணப் பத்திரிகையை இவர் நேரில் போய் வைக்காமல் வாட்ஸாப்பில் அனுப்பினாராம். அவரோ கல்யாணத்துக்கு வராமல் வாட்ஸாப்பிலேயே ஒரு பூங்கொத்து அனுப்பினாராம். அன்றோடு பேச்சு நின்றது.

கொட்டகையில் மீட்டர் முந்நூற்று நாற்பது காட்டியது. ஜாஃபர் சாதிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முந்நூற்றுத் தொண்ணூறு.

"பார்த்தீங்களா?" என்றார் பஞ்சநதம், ஏதோ ஜெயித்துவிட்டவர்போல.

"ஒவ்வொண்ணா கழிச்சுப் பார்ப்போம். நீங்க கொஞ்சம் வரப்புல நடந்துட்டு வாங்க."

பஞ்சநதம் நடந்தார். தூரம் போனதும் எண் இறங்கியது.

"வாங்கண்ணே!"

வந்தார். ஏறியது.

"போங்கண்ணே!"

இறங்கியது.

நாலைந்து நடையில் அவர் சட்டை நனைந்துவிட்டது. ராஜாத்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

"வீட்டுக்குள்ள நீங்க வந்தா பூனைகூட எழுந்திருக்காது. கரண்டு எழுந்து நிக்குதே!"

"அதுக்காவது தெரியுதே" என்று மீசையைத் தடவிக்கொண்டார் பஞ்சநதம்.

ஜாஃபர் சாதிக் தற்செயலாக மேற்கே பார்த்தார். இளையபெருமாள் வயலில் பைப் சும்மா கிடந்தது. பஞ்சநதத்தை மறுபடி விரட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்த பைப்பில் தண்ணீர் கொட்டியது. இங்கே எண் இறங்கியது. திரும்பக் கூப்பிட்டார். தண்ணீர் நின்றது, எண் ஏறியது.

"அண்ணே, அந்த பைப்பைப் பாருங்க!"

"பார்க்க மாட்டேன்."

"சரி, நான் சொல்றதையாவது கேளுங்க. உங்க குடை தெரிஞ்சா அவர் மோட்டாரை நிறுத்திடறார்."

பஞ்சநதத்துக்கு முகம் சிவந்தது. "ஓகோ! அனுமதி இல்லாம பெரிய மோட்டாரை இறக்கியிருக்கான். அதான் மீட்டரும் கையுமா என்னைக் கண்டதும் நிறுத்திடறான். நடங்க பாய், கையும் களவுமா பிடிக்கறேன்!"

இளையபெருமாள் தன் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். நடுவில் ஜாஃபர் சாதிக்கை நிறுத்தி, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஆரம்பித்தார் பஞ்சநதம்.

"பாய், அவரைக் கேளுங்க. தப்பு இல்லேன்னா என்னைப் பார்த்ததும் ஏன் மோட்டாரை நிறுத்தணும்?"

இளையபெருமாளும் ஜாஃபர் சாதிக்கையே பார்த்துப் பேசினார்.

"பாய், அவருக்குச் சொல்லுங்க. இந்த லைன் ரெண்டு மோட்டாரைத் தாங்காது. போன வருஷம் நானும் ஓட்டினேன், அவரும் ஓட்டினாரு. அவரு காயில் எரிஞ்சுது. அவரு நாத்து கருகினதை இங்கேருந்து தினம் பார்த்தேன். அதான், குடை தெரிஞ்சா நிறுத்திடறேன், அவரு ஓட்டிக்கட்டும்னு. இந்த மனுசன் என்னடான்னா, வர்றாரு, கம்பியைக் குத்திக் குத்திப் பார்க்கிறாரு, மோட்டாரைப் போடாமலே போயிடறாரு!"

"கோபம்னு சொன்னாங்களே..." என்று இழுத்தார் ஜாஃபர் சாதிக்.

"கோபம் அவரு மேலதான் பாய். நாத்து என்ன பண்ணுச்சு?"

குடை மட்டும் திரும்பி நடந்தது.

அடுத்த நாள் கடையைத் திறந்ததும் ஜாஃபர் சாதிக் போன் போட்டார்.

"அண்ணே, இன்னிக்கு மீட்டர் எப்படி?"

"சும்மா சொல்லக் கூடாது பாய். நானூறு! அசையவே இல்ல."

"அப்போ நாத்துக்குத் தண்ணி பாயுதா?"

"எங்கே பாயுது? எனக்காக நிறுத்தி நிறுத்தி அவரு நாத்தும் வெளுத்துப் போயிருக்கு. முதல்ல அவரு ஓட்டட்டும்னு நான் போடாம உட்கார்ந்திருக்கேன். நான் ஓட்டட்டும்னு அவரு நிறுத்திட்டு உட்கார்ந்திருக்காரு. விடிஞ்சதிலேருந்து ரெண்டு கொட்டகையிலயும் இதேதான்."

"குடை?"

"மடக்கி வச்சுட்டேன். அவரையேதான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"அட, அங்கேருந்தே ஒரு குரல் கொடுங்கண்ணே, 'நீங்க போடுங்க'ன்னு!"

"அதெப்படி பாய்? நாங்கதான் பேசிக்கிறதில்லையே!"